வீணாகும் சூடு

மே 27

தேன் எடுப்பு முடிந்தது. கடைசி டின்னையும் மூடி தேன் சங்கத்துக்கு அனுப்பியாயிற்று. போன வருடத்தைவிட இந்த வருடம் குறைவு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிகள், நான் பார்த்துக்கொள்பவை, எப்போதும் போலத் தந்தன. களியல் ரப்பர் தோட்டத்துப் பெட்டிகள்தான் ஏமாற்றிவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொள்வது கிளீட்டஸ், என் கணவர் டென்னிசனின் தம்பி. தேனில் அவனுக்கும் பங்கு உண்டு.

ரப்பர் தளிர்த்துத் தேன் சுரக்கிற நேரத்தில் மழை விழுந்துவிட்டது, அதனால்தான் என்கிறான். இருக்கலாம். ஆனால் அதே மழைதானே இங்கேயும் விழுந்தது? இங்கிருந்து களியல் எவ்வளவு தூரம்?

மஸ்கட்டிலிருந்து டென்னிசன் கூப்பிட்டார். சொன்னேன். உடனே, பெல்சி புதிதாகத் தையல் மெஷின் வாங்கியிருக்கிறாளாமே என்று கேட்டார். பெல்சி கிளீட்டஸின் மனைவி. மோட்டார் வைத்த மெஷின். நானும் பார்த்தேன், ஆனால் நான் இவரிடம் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ.

ஜூன் 4

டென்னிசன் ஏற்பாடு செய்த கம்பெனி ஆள் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். நிவேதன் என்று பெயர். சின்ன வயதுதான், மரியாதையான பேச்சு. தேன்பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறதென்று போனில் காட்டும் கருவியாம். பெட்டியின் எடை, உள்ளே சூடு, மூடியை யாராவது திறந்தால் அது, எல்லாம் தெரியும். என் போனுக்கும் வரும், டென்னிசன் போனுக்கும் வரும்.

பேட்டரி கிடையாது. ரப்பர் தோட்டத்து நிழலில் சோலார் வேலை செய்யாது. அதனால் பெட்டிக்குள் தேனடைகளுக்கு நடுவே ஒரு அலுமினியத் தகடு தொங்கும். வெளியே மடிப்பு மடிப்பாக இன்னொரு தகடு. உள்ளே தேனீக்களின் சூடு, வெளியே மழைக் குளிர். இந்த வித்தியாசத்திலிருந்தே கருவி தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொள்ளுமாம்.

"பேட்டரியைத் தூக்கிப் போடுற வேலையே இல்ல மேடம். மண்ணுக்கும் கெடுதல் இல்ல. வீணாப் போற சூட்டைத்தான் எடுக்கிறோம்" என்றான்.

கேட்கப் பிடித்திருந்தது. களியல் பெட்டிகள் எல்லாவற்றிலும் மாட்டச் சொன்னேன். வீட்டுப் பெட்டிகளுக்கு எதற்கு? என் கண் முன்னால்தானே இருக்கின்றன.

ஜூன் 5

மழை பிடித்துவிட்டது. துணி ஒன்றும் காயவில்லை.

ஜூன் 10

கிளீட்டஸ் வந்தான். ஈக்களின் உடம்புநிலை பார்க்க அண்ணன் அனுப்பிய கருவி என்று மட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். மூடி திறந்தால் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அந்தத் தகடு வேண்டாம் மைனி, ஈக்குப் பிடிக்கவில்லை, அதைச் சுற்றியே திரண்டு கிடக்கிறது என்றான். திரண்டு கிடந்தால் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் போனான். கருவி வைத்ததில் யாருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 18

போனைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. களியல் பெட்டிகளின் எடை இறங்குகிறது. மழைக்காலத்தில் பூ இருக்காது, ஈக்கள் சேமித்த தேனைத் தின்றுதான் கழிக்கும், எடை குறையத்தான் செய்யும். ஆனால் இந்த வேகத்திலா? வீட்டுப் பெட்டிகளைக் கையால் தூக்கிப் பார்த்தேன். கனம் அப்படியே இருக்கிறது. வாரம் ஒரு தடவை தேங்காய்ச் சிரட்டையில் சீனிப்பாகு வைக்கிறேன், அது போதுமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. களியலில் மூடி திறந்ததாக விடிந்ததும் விடியாததுமாகச் செய்தி வருகிறது. இன்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது. மழையில், அந்த நேரத்தில், பெட்டியைத் திறந்து பார்க்க என்ன இருக்கிறது?

ஜூன் 24

டென்னிசனும் அதையேதான் கேட்டார். அவனிடம் இப்போது எதுவும் கேட்காதே, கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்றார்.

செய்தி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுதான் வருகிறது. இடையில் என்ன நடக்கிறதென்று தெரிவதில்லை. நிவேதனைக் கூப்பிட்டு, அடிக்கடி வருகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியும் மேடம், அதற்குக் கூடுதல் கரண்டு வேண்டும், பெரிய தகடு போட்டால் போதும் என்றான். போடச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 3

பெரிய தகடு மாட்டியாயிற்று. இப்போது நிமிடத்துக்கு நிமிடம் வருகிறது. நிவேதனுக்கு ஆப்பமும் கடலைக்கறியும் செய்து கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான்.

ஜூலை 9

எடை முன்னைவிட வேகமாக இறங்குகிறது. பெரிய தகடு போட்டதால்தான் இதெல்லாம் தெரியவருகிறது. இல்லாவிட்டால் ஒன்றுமறியாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஜூலை 14

நேற்று தலைவலி. பகல் முழுக்கப் படுத்திருந்தேன். ராத்திரி டென்னிசன் கூப்பிட்டு, ஏன் இன்று போனைத் திறக்கவேயில்லை என்று கேட்டார். நான் எப்போது பார்க்கிறேன் என்பதும் அவருக்கு அதில் தெரியுமாம். தலைவலி என்றேன். மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ரசப்பொடி தீர்ந்துவிட்டது. நாளை திரிக்கவேண்டும்.

ஜூலை 19

காலையில் முதல் பஸ்ஸில் களியல் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் இறங்கும் பாதையில் ஒரு மரத்தின் பின்னால் குடையை மடக்கிப் பிடித்து நின்றேன். இரண்டு அட்டை காலில் ஏறிவிட்டது. அசையவில்லை.

கிளீட்டஸ் வந்தான். கையில் தூக்குவாளி. தலையில் பிளாஸ்டிக் கவர். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தான். முதுகு என் பக்கம் இருந்ததால் கை என்ன செய்தது என்று பார்க்க முடியவில்லை. ஒரு பெட்டியின் முன்னால் அதிக நேரம் குனிந்து நின்றான். பிறகு வாளியை மூடிக்கொண்டு மேலே ஏறிப் போனான்.

போகும்போது வாளி கனமாக இருந்ததா? சரியாகத் தெரியவில்லை. கனமாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை 21

இன்று அவன் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். பெல்சி தைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசத் தொடங்கியதும் மெஷினை நிறுத்தினாள்.

போனை எடுத்துக் காட்டினேன். எந்த நாள், எந்த நேரம் மூடி திறந்தது, எடை எப்படி இறங்கியது எல்லாம் அதில் இருக்கிறது. வாளியோடு பார்த்ததையும் சொன்னேன். கிளீட்டஸ் போனை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"சந்தேகம் இருந்தா கேட்டிருக்கலாம்லா மைனி. மரத்துக்குப் பின்னால வந்து நிக்கணுமா?"

அப்போ வாளியில் என்ன என்று கேட்டேன்.

"இனி நான் என்ன சொன்னாலும் நீங்க நம்பப் போறதில்ல" என்றான். உள்ளே போய்க் களியல் தோட்டத்துக் கொட்டகைச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தான். "பெட்டிக்குப் பாகு வைக்கணும். வாரம் ஒரு தடவ வச்சா காணாது. மறந்திராதீங்க."

நான் வாசலைத் தாண்டிய பிறகும் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

குற்றமில்லாதவனாக இருந்தால் சத்தம் போட்டிருப்பான். டென்னிசனும் அதைத்தான் சொன்னார்.

ஜூலை 22

களியலில் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் சிரட்டை. சிரட்டையில் சீனிப்பாகின் மிச்சம். தேனை எடுத்துக்கொண்டு சீனியை வைத்திருக்கிறான், எடை குறைவது தெரியாமலிருக்க. அவ்வளவு யோசித்திருக்கிறான். சீனி அவன் காசில்தான் வாங்கியிருக்கவேண்டும், நான் கொடுத்த ஒரு மூட்டை இவ்வளவு பாகுக்குப் போதாது. எடுத்த தேனுக்கு அது ஒரு செலவா?

ஒரு பெட்டியில் ஈயே இல்லை. கூட்டம் முழுதாக ஓடிப்போயிருக்கிறது. அடையில் மெழுகுப்பூச்சி வலை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 1

கிளீட்டஸ் ரப்பர் வெட்டுகிற வேலைக்குப் புனலூர் போய்விட்டானாம். மாதா கோயிலில் யாரோ பேசிக்கொண்டார்கள். பெல்சி பூசை முடிந்ததும் என்னைக் கடந்து போனாள். தெரியாத ஆளைக் கடப்பது போல.

அவன் போய்விட்டான். எடை நிற்கவில்லை. மூடி திறந்த செய்தி ஒன்றும் இல்லை, நான் பாகு வைக்கப் போன நாட்களைத் தவிர. ஆனாலும் இறங்குகிறது. இன்னும் இரண்டு கூட்டம் ஓடிவிட்டது.

தோட்டத்து வாட்ச்மேனாக இருக்குமோ? மூடியைத் திறக்காமல் அடியிலிருந்து எடுக்க வழி உண்டா?

ஆகஸ்ட் 4

நிவேதன் வந்திருந்தான். கையில் ஒரு கருவி மிச்சமிருந்தது. வீட்டுப் பெட்டி ஒன்றில் மாட்டினால் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று நானே கேட்டேன். திருடன் தொடாத பெட்டி எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியட்டும். கிணற்றடிப் பெட்டியில் மாட்டினான். இருப்பதிலேயே பலமான கூட்டம் அது. நல்ல சூடு மேடம், கரண்டு அருமையாக வருது என்று சந்தோஷப்பட்டான்.

ஆகஸ்ட் 11

கிணற்றடிப் பெட்டியின் எடை இறங்குகிறது.

என் வீட்டுக்குள் வருகிறான். புனலூர் போனதெல்லாம் பேச்சுக்குத்தானோ? டென்னிசனிடம் இன்னும் சொல்லவில்லை. பின்பக்கக் கேட்டைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13

பெல்சி வீட்டுப் பக்கமாக நடந்துபோய்ப் பார்த்தேன். அவன் செருப்பு வாசலில் இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். போனவன் இன்னும் ஒரு தடவைகூட வரவில்லையாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

இன்று வெளியே எங்கும் போகவில்லை. அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்தால் கிணற்றடிப் பெட்டி நேராகத் தெரியும். விடிந்ததிலிருந்து அங்கேயே இருந்தேன். அரிசி களைந்தது, மீன் வெட்டியது, சாப்பிட்டது எல்லாம் ஜன்னலோரம்தான். ஓயாத மழை. ஒரு ஆள் வரவில்லை. ஒரு பூனைகூட வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் போனைப் பார்த்தேன். எடை இறங்கியிருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனேன். மழையில் ஈ வெளியே வருவதில்லை, வாசலில் காவலுக்கு நிற்பவைகூட இல்லை. சும்மா, எதற்கென்றில்லாமல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மடிப்புத் தகட்டின் மேல் கை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பக்கத்தில் கிணற்றுச் சுவரின் இரும்புக் கம்பியைத் தொட்டேன். ஐஸ் போல இருந்தது. மறுபடி தகட்டைத் தொட்டேன். காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி. மழை விழுந்துகொண்டேயிருக்கிறது, அது சூடாகவே இருக்கிறது. யாருடைய சூடு அது?

குடையைப் பெட்டிக்கு மேல் பிடித்து மூடியைத் திறந்தேன். ஈக்கள் தகட்டின் மேல் அப்பிக் கிடந்தன, பந்துபோல. பறக்காமலே சிறகு நடுங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுப் புழு வளர்க்கிற அடைக்குச் சூடு கொடுக்க அவை அப்படிச் செய்யும். எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் புழு அடையில் இருக்கவேண்டிய கூட்டம் தகட்டில் கிடந்தது. தகட்டை ஒட்டிய அடைச் சட்டத்தை எடுத்தேன். புழுக்கள் கறுத்துச் செத்திருந்தன. மேலே தேன் இருக்கவேண்டிய அறைகள் காலி. தின்று, நடுங்கி, சூடாக்கி, அந்தச் சூடு முழுதும் தகடு வழியாக வெளியே போய் மழையில் கரைந்திருக்கிறது. மறுபடி தின்றிருக்கின்றன.

தகட்டைப் பிடுங்கி எடுத்தேன். இரண்டு ஈ கையில் கொட்டியது. கொடுக்கை எடுக்கவும் தோன்றவில்லை.

வேறு எதுவும் இன்று எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 18

களியல். எல்லாத் தகட்டையும் கழற்றினேன். எல்லாமே வெளியே சூடாக இருந்தன, ஈ இல்லாத பெட்டிகளின் தகடுகளைத் தவிர. ஓட்டையைப் பழந்துணி வைத்து அடைத்தேன். பாகு வைத்தேன். பாதிக்கு மேல் கூட்டம் போய்விட்டது.

கொட்டகைக்கு வெளியே சீனி வாங்கிய காலிச் சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. அன்றைக்கும் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20

நிவேதனைக் கூப்பிட்டேன். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். மறுக்கவில்லை. மற்ற ஒன்றிரண்டு இடத்திலும் கூட்டம் பலவீனமாகிறதென்று சொல்லியிருக்கிறார்கள், மழையாலோ நோயாலோ என்று நினைத்தோம் என்றான். பிறகு, பரிசோதனைக் காலம் முடியும் வரையாவது மூன்று பெட்டியில் விட்டுவைக்க முடியுமா, புள்ளிவிவரம் பாதியில் நின்றுவிடும் என்று கேட்டான்.

"தம்பி, வீணாப் போற சூடுன்னு சொன்னியே. பெட்டிக்குள்ள அப்பிடி ஒண்ணு கெடையாது. ஒவ்வொரு துளியும் அது தின்னு உண்டாக்குனது" என்றேன்.

அவன் மன்னிப்புக் கேட்டான். அவனைத் திட்டலாமென்றுதான் கூப்பிட்டேன். பெரிய தகடு கேட்டது யார் என்று நினைவு வந்ததும் போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22

செய்தி ஒன்றும் வரவில்லையே என்று டென்னிசன் கேட்டார். எல்லாம் விளக்கிச் சொன்னேன். தகடு, சூடு, சிரட்டை, சாக்கு. கேட்டுவிட்டு, சரி, ஆனால் இனி கிளீட்டஸ் என்ன செய்கிறான் என்று எப்படித் தெரியும் என்றார்.

தெரியாது என்றேன்.

போனை வைத்த பிறகும் எரிச்சல் போகவில்லை. தம்பி திருடவில்லை என்று கேட்டதும் ஒரு மனிதனுக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் வரவேண்டாமா? அந்தச் செய்திகள் அவருக்கு எதற்கு வேண்டியிருந்தன என்று இப்போது யோசிக்கிறேன். கிளீட்டஸைக் கண்காணிப்பதற்கு மட்டும்தானா?

ஆகஸ்ட் 29

கிணற்றடிப் பெட்டி தேறுகிறது. புது முட்டை கண்டேன்.

செப்டம்பர் 7

சங்கத்தில் கூட்டம். கம்பெனிக்காரர்கள் திரை கட்டிப் படம் காட்டினார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் முழுக்க, மலையடிவாரம் வரைக்கும், வருகிற மழைக்குள் பெட்டிகளில் மாட்டப்போகிறார்களாம். பேட்டரிக் குப்பை இல்லாத, இயற்கைக்குத் தீங்கில்லாத கருவி. நிவேதன் ஓரமாக உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

எழுந்து பேசுவது என்றால் கிளீட்டஸ் விஷயத்தையும் பேசவேண்டும். அவன் திருடினான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லித்தானே தெரியும்? பின்வரிசையில் பெல்சியின் அப்பா இருந்தார். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"களியல்ல தேன் திருட்டுப் போகல்ல. போச்சுன்னு சொன்னது நான்தான். தேனத் தின்னது ஈ. இந்தத் தகடு இழுத்த சூட்ட ஈடுகட்டத் தின்னுச்சு. எனக்க கொழுந்தன் அவனுக்க காசுல சீனி வாங்கி விடியக்காலம் பாகு வச்சதுனாலதான் கொஞ்சமாவது மிஞ்சுச்சு."

பெரிய அதிகாரி ஒருவர், அடுத்து வரும் கருவி இதைவிடக் குறைவாகத்தான் சூடு எடுக்கும் என்று விளக்கினார். சிலர் எழுந்து போனார்கள். சிலர் கருவிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பெல்சியின் அப்பா என்னிடம் வந்து, புனலூரில் அவன் இருக்கும் இடத்தைச் சொன்னார்.

செப்டம்பர் 21

புனலூர். பஸ் மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கிளீட்டஸ் மெலிந்திருந்தான். தோட்டத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் வரிசை மாறி வந்தது. குறுக்கே பேசாமல் கேட்டான். எத்தனை கூட்டம் மிச்சம், கிணற்றடிப் பெட்டியில் ராணி இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன்.

"தகட்டுமேல பழிய போடாதீங்க மைனி. தகடு வந்தது பிறகு. சந்தேகம் அதுக்கு முன்னயே இருந்துச்சு" என்றான்.

ரொம்பவும் சாதாரணமாகச் சொன்னான். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஈக்கூட்டத்தைப் பிரித்துப் புதுப் பெட்டியில் வைக்கிற காலத்துக்கு வருவானா என்று கேட்டேன். வருகிறேன், ஆனால் இனி பங்கு வேண்டாம், மிச்சமிருப்பதைச் சரிபாதியாகப் பிரிப்போம், என் பெட்டி என் வீட்டில் இருக்கட்டும் என்றான். சம்மதித்தேன். டென்னிசனைக் கேட்காமல் சம்மதித்தது இதுதான் முதல் தடவை என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 26

கிளீட்டஸ் வந்தான். இரண்டு மழைக்கும் நடுவில் நல்ல வெயில். பெல்சி வரவில்லை, மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

காலையிலிருந்து கூட்டம் பிரித்தோம். அவன் சட்டத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பான், ஈயை உதறுவான், ஒன்று என் பெட்டிக்கு, ஒன்று அவன் பெட்டிக்கு. நான் புகை போட்டுக்கொண்டு நின்றேன். பெரும்பாலும் பேச்சில்லை. பழைய மாதிரி இல்லை, ஆனால் கை பழைய மாதிரிதான் வேலை செய்தது. ஈயும் அவனைக் கொட்டவில்லை.

கடைசிப் பெட்டியில் இருந்தபோது சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் தன் பக்கம் வைக்கிற சட்டங்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியாது. உதடு அசைந்திருக்கவேண்டும்.

அவன் கையிலிருந்த சட்டம் முழுக்கப் புழு, நல்ல அடை, முறைப்படி அவன் பெட்டிக்குப் போகவேண்டியது. அதை என் பெட்டியில் மெதுவாக இறக்கினான். பிறகு மூடியை எடுத்து என் கையில் கொடுத்தான்.